மணிக்கட்டு மன்னர்

கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் அவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். முதல் பந்திக்கு இடம் பிடிக்கும் அவசரத்தில் எல்லோரும் கையை நனைத்தோமா போனோமா என்று ஓட, இவர் மட்டும் குழாயடியில் நிதானமாக வாட்ச்சைக் கழற்றுவார். கைக்குட்டையில் சுற்றுவார். சட்டைப் பையில் வைத்து, பைக்கு மேல் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் குழாய் திறக்கும். பின்னால் நிற்கும் பெரியவர் பரிதாபப்பட்டு, “தண்ணி பட்டா நின்னு போயிடுமா தம்பி? எங்கிட்டயும் அப்படி ஒண்ணு இருந்துது” என்று ஆறுதல் சொன்னால் வந்தது வினை.

“நின்னு போறதா! இது டைவிங் வாட்ச் சார். 200 மீட்டர் ஆழத்தைத் தாங்கும்.”

பெரியவர் குழாயைப் பார்ப்பார், வாட்ச் ஒளிந்திருக்கும் பையைப் பார்ப்பார், பேசாமல் பந்திக்குப் போய்விடுவார். 200 மீட்டர் ஆழத்துக்கு அஞ்சாத வாட்ச் ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஏன் அஞ்சுகிறது என்று விளக்கிச் சொல்ல வாட்ச்காரருக்கு ஆசைதான். கேட்கத்தான் ஆள் இல்லை.

அவரை நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். வங்கி மேலாளராகவோ, ஆடிட்டராகவோ, சாஃப்ட்வேர்க்காரராகவோ, பல் டாக்டராகவோ இருப்பார். புதிதாக ஒருவர் அறிமுகமானால் ஊர் உலகம் முகத்தைப் பார்க்கும். இவர் பார்வை நேரே இடது மணிக்கட்டில் போய் இறங்கும். அங்கே ஏதாவது முள் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் மனிதர். வெறுங்கையாக இருந்தால் அனுதாபத்துக்குரியவர். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தீர்கள் என்று எண்ணிச் சொல்லும் பட்டையாக இருந்தால், அந்த அனுதாபத்தைக்கூட வெளியே காட்டாமல் பேச்சை மாற்றிவிடுவார். உங்கள் பெயர் அவருக்கு ஒரு வாரத்தில் மறந்துபோகும். ‘நீல டயல், தோல் ஸ்ட்ராப், பக்கிளில் கொஞ்சம் துரு’ என்ற அளவில் ஆயுளுக்கும் ஞாபகம் இருப்பீர்கள்.

அவரோடு சினிமாவுக்குப் போகக் கூடாது. 1960-களில் நடக்கும் கதை. கிராமத்து வாத்தியாரான கதாநாயகன், உயிர் பிரியும் கதாநாயகியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருக்கிறான். தியேட்டரே மூக்கை உறிஞ்சும் நேரத்தில் இருட்டில் நம்மவர் குரல் கேட்கும்: “நொடி முள்ளைப் பாத்தியா? துள்ளித் துள்ளிப் போகுது. குவார்ட்ஸ்! உலகத்துலயே முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969 கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான் ஜப்பான்ல கடைக்கு வந்துது. சீக்கோ அஸ்ட்ரான். விலை நாலரை லட்சம் யென். இந்த வாத்தியார் கையில அது எப்படிடா வந்துது?” அவருக்கும் கண் கலங்கித்தான் இருக்கும். காரணம் வேறு.

இவரைப் புரிந்துகொள்ள, வாட்ச்சின் சர்வீஸ் ரெக்கார்டைக் கொஞ்சம் புரட்டவேண்டும். ஒரு காலத்தில் அது மும்முரமாக உத்தியோகம் பார்த்த பொருள். 1961-இல் பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ஹெச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. அதன்பிறகு ஒரு தலைமுறைக்கே எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் வாட்ச், வேலை கிடைத்தால் வாட்ச், மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்ச், ரிடையர் ஆகும்போது சந்தன மாலையோடு இன்னொரு வாட்ச். இனிமேல் நேரத்துக்குப் போகவேண்டிய இடமே இல்லாதவருக்கு எதற்கு வாட்ச் என்று யாரும் கேட்டதில்லை. ஆலைச் சங்கு ஊதும் முன் உள்ளே நுழைய, ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க, ரேடியோ செய்தியைத் தவறவிடாமல் கேட்க, எல்லாவற்றுக்கும் அதுதான் துணை.

பிறகு செல்போன் வந்தது. நேரம் என்பது போனில், காரில், டி.வி. பெட்டியில், மைக்ரோவேவ் அடுப்பில், லிஃப்டுக்குள்கூட வந்து உட்கார்ந்துகொண்டது. வாட்ச்சுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹெச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியையே மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. உலகம் இப்படி மாலை போட்டு அனுப்பிவைத்த ஓய்வூதியரைத்தான் நம்மவர் தன் வீட்டுக்கு அழைத்து வந்து ராஜ மரியாதை செய்கிறார். ஒருவரை அல்ல, ஒரு பீரோ நிறைய.

நம்மவர்களுக்குள் கட்சிகள் உண்டு.

முதலாவது ஹெச்.எம்.டி. கட்சி. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா என்று அடுக்கும்போதே குரல் தழுதழுக்கும். சாவி கொடுக்கும் வாட்ச்தான் வாட்ச், மற்றதெல்லாம் பொம்மை என்பது கொள்கை. ஜனதாவின் டயலில் ‘17 ஜூவல்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பெருமையாக வீட்டில் காட்டியவருக்கு, “பதினேழு கல்லா? எட்டுக்கல் பேசரிக்கு எட்டு போக இன்னும் ஒம்போது மிஞ்சுமே” என்று பதில் வந்தது. அதெல்லாம் செயற்கை மாணிக்கம், பல்சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைத்த கடுகளவுக் குழிகள் என்று அவர் படம் போட்டு விளக்கினார். செயற்கை என்ற சொல்லோடு அந்த அம்மாளின் ஆர்வம் முடிந்தது.

இரண்டாவது ஓசூர் கட்சி. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நம் மண்ணின் சரக்கு என்பதில் உறுதியானவர்கள். மூன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள எட்ஜ் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டைக்குள் அது நுழைவதையும் வெளியே வருவதையும் நாள் முழுக்க ரசிப்பார்கள். மோசார்ட்டின் 25-ஆம் சிம்பொனி எங்கே ஒலித்தாலும் “டைட்டன் மியூசிக்!” என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்றாவது ஜப்பான் கட்சி. துபாய் மாமாவோ பர்மா பஜாரோ தந்த சீக்கோ ஃபைவில் தொடங்கியவர்கள். கையை ஆட்டினால் தானாகச் சாவி ஏறும் என்பதால் பேசும்போது இடது கையை மட்டும் அதிகமாக ஆட்டுவார்கள். நான்காவது சுவிஸ் கட்சி. 1969-இல் சந்திரனில் இறங்கியபோது ஆல்ட்ரின் கையில் இருந்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், ஆர்ம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்திலேயே விட்டுவிட்டுத்தான் இறங்கினார் என்பதை நேரில் பார்த்தமாதிரி சொல்வார்கள். அதே மாடலைக் கட்டிக்கொண்டு இவர்கள் அதிகபட்சம் வேளச்சேரி வரை போய் வருவார்கள். கடைசியாக, “எனக்கு இந்த வாட்ச் பைத்தியமெல்லாம் கிடையாது சார், எளிமையா ஒண்ணு போதும்” என்று கேஸியோ எஃப்-91டபிள்யூ கட்டியிருப்பவர். 1989-இல் வந்த மாடல், இன்னும் அதே உருவம். அந்த எளிமையை அவர் ஏழு நிறங்களில் வைத்திருப்பார்.

எந்தக் கட்சியானாலும் ஆசை வளர வளர வாட்ச்சுக்கு அதிகப்படி பொறுப்புகள் தேடுவார்கள். நேரம் காட்டும் வேலை போய்விட்டது அல்லவா, வேறு ஏதாவது செய்துதானே ஆகவேண்டும்?

நம்மவர் ஆசைப்பட்டுச் சந்திரன் காட்டும் வாட்ச் ஒன்றை வாங்கினார். டயலில் ஒரு சின்ன ஜன்னல். அதில் வளர்பிறையும் தேய்பிறையும் நகரும். உள்ளே 59 பல் கொண்ட சக்கரம் இரண்டு நிலவுகளைச் சுமந்து சுற்றுகிறது, இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆனால்தான் ஒரு நாள் பிசகும் என்று அம்மாவிடம் விவரித்தார். அம்மா அடுப்படிக்குப் போய், மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்த தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து, “நாளன்னிக்கு அமாவாசை. பிசகே இல்லை. இதுல ராகுகாலம், எமகண்டமும் போட்டிருக்கான்” என்றாள்.

அடுத்தது, கார் வேகத்தை அளக்கும் வாட்ச். ஒரு கிலோமீட்டர் தொடங்கும்போது பொத்தானை அழுத்தி, முடியும்போது மறுபடி அழுத்தினால், நொடி முள் நிற்கும் இடத்தில் வண்டியின் வேகம் எழுதியிருக்கும். அந்த அளவுகோல் 60 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதற்குக் கீழே எண்ணே கிடையாது. நம்மவர் அலுவலகம் போவது பழைய மகாபலிபுரம் சாலையில், காலை ஒன்பதரை மணிக்கு. அவர் வேகத்துக்கு அந்த டயலில் இதுவரை இடம் கிடைக்கவில்லை. இப்போது இட்லி வேகும் நேரத்தைப் பார்க்க அது உதவுகிறது.

மூத்த மகன் நியூஜெர்சி போனதும், இரண்டு ஊர் நேரம் காட்டும் நாலு முள் வாட்ச் வந்தது. ஆனால் நம் நாடு கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்த அரை மணியைப் பற்றி சுவிட்சர்லாந்தில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாலாவது முள் முழு மணியாகத்தான் தாவும். மீதி அரை மணியை நம்மவர் மனக்கணக்கில் கூட்டிக் கழிப்பதற்குள், அவர் மனைவி போனை எடுத்துப் பேரன் பள்ளிக்கூடம் போய்விட்டானா என்று கேட்டு, மருமகளிடம் சாம்பார்ப்பொடி விசாரணையையும் முடித்திருப்பார்.

காலை எட்டு மணிக்கு நம்மவர் பீரோவைத் திறக்கும் காட்சி பார்க்கத்தக்கது. சட்டைக்கு ஏற்ற டயல், பெல்ட்டுக்கு ஏற்ற ஸ்ட்ராப், அன்றைய மீட்டிங்குக்கு வரும் அதிகாரிக்கு ஏற்ற பிராண்ட் என்று மூன்று சுற்றுத் தேர்வு. தேறிய வாட்ச் பெரும்பாலும் நின்றிருக்கும். சாவி கொடுத்து, நேரம் வைத்து, தேதியைத் திருத்தவேண்டும். இங்கே ஒரு சாஸ்திரம் உண்டு. முள் இரவு ஒன்பதுக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையில் இருக்கும்போது தேதியைத் திருகக் கூடாது. உள்ளே தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பற்கள் கோத்திருக்கும் வேளை அது. திருகினால் பல் உடையும். நம்மவர் முதலில் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பிறகுதான் தேதியைத் தொடுவார். “பொண்ணு பாக்கப் போறப்ப ராகுகாலம் பாருடான்னா மூடநம்பிக்கைன்னு கத்தினான்” என்று அம்மா சமையலறையிலிருந்து யாரிடமோ சொல்வாள்.

வாட்ச் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவும் தனிச் சடங்கு. செல்போனில் ஒரு செயலி. அதன் மைக்கை வாட்ச்சோடு ஒட்டி வைத்தால் டிக்டிக் ஒலியைக் கேட்டு, நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது, பிந்துகிறது என்று சொல்லிவிடும். அந்த அரை நிமிஷம் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது. முடிவு: ஆறு வினாடி முந்துகிறது. நம்மவர் முகத்தில் பெருமை பொங்கும். சுவிஸ் சான்றிதழே நாளொன்றுக்கு நாலு வினாடி பிந்துவதிலிருந்து ஆறு வினாடி முந்துவது வரை அனுமதிக்கிறதே! மாதத்துக்கே பதினைந்து வினாடிதான் பிசகும் மலிவு குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கும் பையன் கேட்பான்:

“அப்பா, இது தினமும் ஆறு செகண்ட் தப்பா ஓடுதா?”

“தப்பு இல்லடா. அதோட சுபாவம்.”

அந்தச் சுபாவத்தைத் திருத்தவும் வழி வைத்திருக்கிறார். சாவி கொடுக்கும் வாட்ச் எப்படிக் கிடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் வேகம் லேசாக மாறும். டயல் மேலே பார்க்க ராத்திரி முழுவதும் கிடந்தால் ஒரு கணக்கு, சாவி கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் வேறு கணக்கு. ஆகவே எந்த வாட்ச் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் காலையில் சரியாகிறது என்று நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார். டாக்டர் அவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி வருஷம் இரண்டாகிறது. அவர் மட்டும் இன்னும் மல்லாந்துதான் படுக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போகும் ஒரே இடம், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பாய் கடை. மூன்றடிக்கு மூன்றடி. கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு பாய் குனிந்திருப்பார். நம்மவர் இணையத்தில் யாரிடமோ வாங்கிய ‘1970-களின் அசல் பைலட்’ ஒன்றை மஞ்சள் துணியிலிருந்து எடுத்து நீட்டுவார். பாய் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மூக்கால் ஒரு பெருமூச்சு விடுவார்.

“சார், உள்ள மெஷின் ஒரு வாட்ச்சுது. மூடி வேற வாட்ச்சுது. முள்ளு மூணாவது வாட்ச்சுது. டயல்ல புது பெயிண்ட் அடிச்சிருக்கான். எழுத்தைப் பாருங்க, பாதியில சறுக்கி விழுது.”

“மும்பை ஸ்பெஷலா பாய்?”

“நான் பேரெல்லாம் வைக்கறதில்ல சார். கூட்டுக்குடும்பம்னு வெச்சுக்குங்க.”

“ஓடுமா?”

“ஓடும். உள்ள இருக்கறவங்க ஒத்துமையா இருந்தா ஓடும்.”

பழைய வாட்ச்சுகளின் உடம்பைக் கலந்து, டயலுக்குப் புதுச்சாயம் பூசி, பளபளவென்று விற்கும் இந்த வித்தைக்கு உலகெங்கும் உள்ள ரசிகர்கள் மும்பையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ரசிகர் உலகில் பளபளப்பு சந்தேகத்துக்குரியது. அசல் டயல் வெயிலில் காய்ந்து பழுப்பேறியிருந்தால் அதற்கு ‘ட்ராபிகல் டயல்’ என்று பெயர், விலையும் கூடுதல். இதைச் சாப்பாட்டு மேஜையில் விளக்கியபோது அவர் மனைவி ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நம்ம சுவரெல்லாம்கூட அசல் பழுப்புதாங்க. அதான் வெள்ளையடிக்க வேணாம்னு தள்ளிப் போட்டுட்டே இருக்கீங்களா?”

மனைவிக்குத் தெரியாமல் வாட்ச் வாங்குவதாக நம்மவர் ஒரு நம்பிக்கையில் இருக்கிறார். ஏற்கனவே ஆறு கறுப்பு டயல் இருப்பதால் ஏழாவது கண்ணில் படாது என்பது அவருடைய தந்திரம். அந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். ஏழாவது வாட்ச் வந்த மறுவாரம் காஞ்சிபுரம் பட்டு ஒன்று வரும். “புதுசா?” என்று இவர் கேட்கமாட்டார். “புதுசா?” என்று அவரும் கேட்டதில்லை. இரு நாடுகளுக்கிடையே எழுதப்படாத ஒப்பந்தம்.

ஒரே ஒருமுறை நம்மவர் ஒப்பந்தத்தை மீறி வாதாடிப் பார்த்தார். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்குப் போனது. “டாலர்! அதுவும் அது அவருக்கு யார் வாங்கிக் கொடுத்தது தெரியுமா? சம்சாரம்! வண்டியை ஜாக்கிரதையா ஓட்டுங்கன்னு பின்மூடியில எழுதியே கொடுத்தாங்க.”

“அவர் அதை என்ன பண்ணினார்?”

நம்மவர் பொய் சொல்லத் தெரியாதவர். “பொண்ணோட சிநேகிதனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துட்டார்.”

“பெரிய மனுஷன்” என்றார் மனைவி. “நீங்க எதை யாருக்குக் கொடுக்கறதா இருக்கீங்க?” வாதம் அத்தோடு தள்ளிவைக்கப்பட்டது.

வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்க ஆளில்லாத இந்த மனிதருக்கு எப்போதாவது விடிவுகாலம் வரும். வரவேற்பு மேடைக்குக் கீழே, ரயில் பெட்டியில், ஏன், துக்க வீட்டு வாசலில்கூட இன்னொரு நம்மவர் எதிர்ப்படுவார். இருவர் பார்வையும் ஒரே கணத்தில் மற்றவர் மணிக்கட்டில் பதியும். அப்புறம் பேச்சு மிகவும் மரியாதையாக நடக்கும்.

“பாக்கலாங்களா?”

“தாராளமா. நீங்க?”

இருவரும் கழற்றுவார்கள். மாற்றிக்கொள்வார்கள். எடை பார்ப்பார்கள், காதில் வைப்பார்கள், மூடியைத் திருப்பி விளக்கடியில் பிடிப்பார்கள். விலை கேட்பது அநாகரிகம், “எப்ப எடுத்தீங்க?” என்று வருஷத்தைக் கேட்டு, விலையை அவரவரே போட்டுக்கொள்ளவேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யாரோ யாருக்கோ நாடி பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் பிறவிச் சிநேகிதர்களாகப் பிரிவார்கள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. கேட்க நேரமில்லை.

இதில் அப்படி என்ன இன்பம் என்றால் நம்மவர் ஒரு ஜனதாவை எடுத்து உங்கள் கையில் வைப்பார். காலையில் ஒருமுறை சாவி கொடுத்தால் நொடிக்கு ஐந்து துடிப்பு, நாளைக்கு 4,32,000 துடிப்பு. மின்சாரம் கேட்காது, பாஸ்வேர்டு கேட்காது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் போட்டுக்கொடுக்காது. கெட்டால் ஏன் கெட்டது என்று பாயால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். வீட்டில் உள்ள மற்ற எந்தச் சாமானைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அதனிடம் அவர் எதையும் எதிர்பார்ப்பதில்லை. மணி பார்க்க அவரும் போனைத்தான் எடுக்கிறார். வேலை போனால் மரியாதையும் போய்விடும் என்று நம்பும் ஊரில், ரிடையர் ஆன ஒன்றைத் தினமும் துடைத்து, சாவி கொடுத்து, வெளியே அழைத்துப் போகும் ஒரு ஆள் இருப்பது நல்லதுதான். இரண்டு வருஷத்தில் தானும் ரிடையர் ஆகப்போகிற நம்மவரைப் பார்த்து, வீட்டில் உள்ளவர்கள் இதைக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

ஆனால் ஜாக்கிரதை, இது தொற்று. உங்கள் பீரோவிலும் பழைய ரேஷன் கார்டு, பாஸ்புக் இவற்றுக்கு அடியில் அப்பாவின் வாட்ச் ஒன்று கிடக்கும். எண்ணெய் காய்ந்திருக்கும், அப்படியே ஓடவிட்டால் அச்சு தேயும். ஆகவே சாவி கொடுக்காமல் நேரே ரிப்பேர்காரரிடம் கொண்டுபோக வேண்டும். இதைப் படித்த பிறகும் நீங்கள் சாவி கொடுப்பீர்கள். காதில் வைப்பீர்கள். ஓடாவிட்டால் பிழைத்தீர்கள். ஓடிவிட்டாலோ, இதற்குத் துணையாகக் கறுப்பு டயலில் இன்னொன்று இருந்தால் தேவலை என்று தோன்ற ஒரு வாரம் போதும். பாய் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். உங்களுக்கு முன்னால் நம்மவர் நின்றுகொண்டிருப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பவேண்டிய கட்டாயம் இருந்தால், கையை மட்டும் அவரிடம் நீட்டிவிடாதீர்கள்.